கலர் பார்த்த கை

மார்ச் 7, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. உதவி இயக்குநர். ஐந்து பேரில் ஐந்தாவது ஆள். அதனாலென்ன, ஐந்தாவது ஆளும் உதவி இயக்குநர்தான்.

நிரஞ்சன் சார் நான் அனுப்பிய கதைகளைப் படித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கவர் மேஜை மேல் ஒட்டியபடியே கிடந்தது. படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கலாம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "உட்காரும்மா. அங்க வேணாம், ஜன்னல் பக்கமா உட்காரு" என்றார். பிறகு யாரையோ போனில் கூப்பிட்டார். தணிகாசலம் என்று ஒரு பெரியவர் வந்தார். முப்பது வருஷமாக மேக்கப்மேனாக இருக்கிறாராம். "கை காட்டும்மா" என்றார். ரேகை பார்ப்பார் போல என்று உள்ளங்கையை நீட்டினேன். அவர் கையைத் திருப்பிப் புறங்கையைப் பார்த்துவிட்டு சாரிடம் தலையாட்டினார். பெரிய யூனிட்டில் எல்லாரிடமும் கலந்துபேசித்தான் ஆள் எடுப்பார்கள் போலிருக்கிறது. நல்ல பழக்கம்.

படம் நிறவெறியைப் பற்றியது. உப்பளத் தொழிலாளியின் மகள், கறுப்பு, அதனால் அவள் படுகிற பாடு. "உனக்கு இந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கா கனி?" என்று சார் கேட்டார். எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதுதான் சிக்கல். மூன்று வருஷத்துக்கு முன் சங்கரன்கோவில்காரர்கள் என்னைப் பெண் பார்க்க வந்ததைச் சொன்னேன். நான் காபித் தட்டோடு நிற்கிறேன். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்கிறாள். என் அம்மா கையைப் பிசைந்துகொண்டு சொல்கிறாள்: "சின்ன வயசுல நல்ல நெறமா இருந்தா. காலேஜுக்கு வெயில்ல போயிப் போயித்தான் இப்படி ஆயிட்டா. ரெண்டு மாசம் வீட்டுக்குள்ள வச்சா தெளிஞ்சிருவா."

நான் பிறந்ததிலிருந்தே இந்த நிறம்தான். அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வந்தவர்களுக்கும் தெரிந்துவிட்டது. காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே துடைத்தார். "இத அப்படியே படத்துல வைக்கறேன்" என்றார்.

கோவில்பட்டிக்குப் போன் போட்டேன். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள் அம்மா. "வெயில்ல நிக்கிற வேலையா?" என்று கேட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை.

மார்ச் 14, திங்கள்

முதல் நாள். வளசரவாக்கத்தில் ஒரு வீடு. கதாநாயகி வீட்டின் உள்பக்கக் காட்சிகள் எல்லாம் இங்கேதான்.

காலை ஐந்தரைக்கே வரச் சொல்லிவிட்டார்கள். மற்ற நான்கு உதவியாளர்களுக்கும் ஏழு மணி. என் சுறுசுறுப்பு சாருக்குத் தெரிந்திருக்கிறது. கதாநாயகி ஈஷானி சண்டிகரிலிருந்து வந்திருக்கிறாள். பால்கோவா நிறம். தணிகாசலம் அண்ணன் அவளுக்கு டல் மேக்கப் போட்டுக் கறுப்பாக்க இரண்டு மணி நேரம் ஆகிறது. முகம், கழுத்து, காது மடல், கை, கால் விரல் இடுக்கு வரை. நான் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அண்ணன் கிண்ணத்தில் கலக்கிக் கலக்கி அவள் கையில் தடவி, என் கையைப் பக்கத்தில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறார்.

"நம்பர் கிம்பர் எழுதி வெச்சிக்க மாட்டீங்களாண்ணே?" என்றேன்.

"அதெல்லாம் இந்தக் காலத்துப் பசங்களுக்கும்மா. நமக்குக் கண்ணுதான். கண்ணு முன்னால சரக்கு இருக்கச் சொல்ல சீட்டு இன்னாத்துக்கு?"

சும்மா உதவிக்குத்தான். ஏழு மணிக்குப் பிறகு கிளாப் அடித்தேன்.

மார்ச் 16

மறுபடியும் ஐந்தரை. மேக்கப் உதவிக்கு ஒரு ஆளை எடுக்கலாம். நாளைக்குச் சாரிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 17

சொல்லவில்லை. அவர் மும்முரமாக இருந்தார்.

மார்ச் 19, சனி

இன்றைக்கு என் காட்சி.

எழுதியிருந்த வசனம் சாருக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பேசியதற்கு அம்மா அழுவதாக எழுதியிருந்தது. "கனி, இது உன் வீட்ல நடந்தது. உன் அம்மா என்ன சொல்லியிருக்கணும்னு நீ நினைக்கற? எழுதிக் கொண்டா" என்றார். மாடிப்படியில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுதினேன். அந்தப் பத்து நிமிடத்துக்கு மூன்று வருஷம் பிடித்தது. அது வேறு கணக்கு.

அம்மாவாக நடிப்பவர் எழுந்து நின்று சொன்னார்: "அவ நெறம் நான் குடுத்தது. அதுல குறை இருந்தா எங்கிட்டச் சொல்லு. எம்மக நிக்கிற எடத்துல வச்சுச் சொல்லாத. காபி ஆறிப்போச்சு, எந்திரிச்சுப் போங்க."

ஒரே டேக். லைட்மேன்கள் கைதட்டினார்கள். ஈஷானிக்கு வசனம் புரியவில்லை, ஆனாலும் அழுதாள். சார் எல்லார் முன்னாலும், "இது கனியோட சீன்" என்றார். நான் பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அம்மா இதைப் பார்க்க வேண்டும். அம்மாவிடம் அதைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்குக் கோபமும் இல்லை. தியேட்டரில் உட்கார்ந்து அவள் இதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 23

டீ குடிக்கும்போது சாரிடம் கேட்டே விட்டேன். கறுப்பான பெண்ணையே போட்டிருக்கலாமே என்று.

கோபித்துக்கொள்ளவில்லை. "கேட்க வேண்டிய கேள்விதான்" என்றார். "புதுப் பொண்ணப் போட்டா நூறு பேர் பாப்பாங்க கனி. அந்த நூறு பேரும் ஏற்கனவே திருந்தினவங்க. ஈஷானி இருந்தா ஒரு கோடி பேர் பாப்பாங்க. அந்த ஒரு கோடில ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரன், ஒரே ஒரு அம்மா, மனசு மாறினா போதாதா?"

ஒரே ஒரு அம்மா என்று தற்செயலாகத்தான் சொன்னார்.

ஏப்ரல் 12, செவ்வாய்

தூத்துக்குடி, உப்பளம். வெயில் மேலிருந்தும் அடிக்கிறது, கீழே உப்பிலிருந்தும் அடிக்கிறது. ஈஷானிக்கு இரண்டு குடை, ஒரு மின்விசிறி. எனக்குக் கிளாப் பலகை. அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டால் கோ-டைரக்டர் பாபு சார் திட்டுகிறார்.

அளத்தில் நிஜமாக வேலை செய்கிறவர்களையே கூட்டத்துக்கு நிறுத்தியிருக்கிறோம். பூரணம் என்று ஒரு அக்கா, நாற்பத்தைந்து வயதிருக்கும், உப்பு வாருகிற பலகையோடு என் பக்கத்தில் நின்றாள். குடைக்குக் கீழே தணிகாசலம் அண்ணன் ஈஷானியின் கழுத்தில் பஞ்சை ஒற்றிக்கொண்டிருப்பதையே பார்த்தாள்.

"ஏ பிள்ள, நல்லா செவத்த பிள்ளைக்கு எதுக்குக் கரியப் பூசுதாக?"

"கதையில அவங்க உப்பளத்துப் பொண்ணுக்கா."

"நாங்க இத்தன பேரு நிக்கோம். எங்கள்ல ஒருத்தியக் கூப்பிட்டா பூசுத வேல மிச்சமில்லா."

சாரின் ஒரு கோடி பேர் கணக்கை அவளிடம் சொன்னேன். சாரின் வாயில் வந்தபோது நன்றாக இருந்தது. என் வாயில் என்னமோ போல இருந்தது. அவள் முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப எங்கள ஆரும் பாக்க மாட்டாகன்னு சொல்லுதிய" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 21

வீடியோ காலில் அம்மா. "என்னட்டி இது, கரிச்சட்டி மாதிரி ஆயிட்ட" என்றாள். சிக்னல் சரியில்லை என்று கட் பண்ணிவிட்டேன்.

ஏப்ரல் 28

தலைவலி. வாட்சைக் கழற்றினால் அடியில் பழைய நிறம் ஒரு பட்டையாகத் தெரிகிறது. காலையில் அண்ணன் கலக்க அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார். "இன்னாமா இது, புட்டி சீக்கிரம் காலியாவுது" என்கிறார். இரண்டு பேரும் காரணம் பேசவில்லை.

மே 9, திங்கள்

உப்பளம் முடிந்தது. மதியம் ஈஷானி மேக்கப்பைக் கழுவினாள். நான்தான் தண்ணீர் ஊற்றினேன். வாஷ்பேசினில் இறங்கிய தண்ணீர் டீ டிக்காஷன் மாதிரி இருந்தது. அது போய்க்கொண்டே இருந்தது, அவள் வந்துகொண்டே இருந்தாள்.

கெட்டவள் இல்லை. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய இங்கிலீஷில் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்: "எனக்கு இது தினமும் இரண்டு மணி நேர நரகம் கனி. உனக்குக் கவலையே இல்லை, அப்படியே எழுந்து வந்துவிடலாம். நீ கொடுத்துவைத்தவள்."

தாங்க்யூ என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இப்போது தெரிகிறது. பஸ்ஸில் உட்கார்ந்து வரிசையாகத் தெரிகிறது.

ஜூன் 17, வெள்ளி

எடிட்டிங் அறை. சார், எடிட்டர், பாபு சார், தணிகாசலம் அண்ணன், நான்.

பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகு ஈஷானி வீட்டுக் கதவைத் திறந்து தெருவுக்கு வருகிறாள். கதவுக்கு உள்ளே எடுத்தது மார்ச்சில், வளசரவாக்கத்தில். வெளியே எடுத்தது மே மாதம், தூத்துக்குடியில். எடிட்டர் ஓட்டிக் காட்டினார். நிறுத்தினார். மறுபடி ஓட்டினார்.

"உள்ள தங்கச்சி கதவைத் திறக்கறா. வெளிய அக்கா வர்றா" என்றார்.

இரண்டு மூன்று ஷேட் வித்தியாசம். ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். உப்பளக் காட்சிகளை நாள்வாரியாக வைத்துப் பார்த்தால், ஈஷானி நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே போகிறாள்.

சார் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கையை விரித்தார். "நான் இன்னா சார் பண்றது? டெய்லி இந்தப் பொண்ணு கையப் பாத்துதான் கலக்குனேன். கை கருத்துக்கினே போச்சு. நானும் பின்னாடியே போய்க்கினு இருந்தேன்."

எடிட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாபு சாரும் சிரித்தார். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நான் அதை மேஜைக்கு அடியில் கொண்டுபோனேன்.

சார் சிரிக்கவில்லை. "கனி, நீ எதுக்கு வெயில்ல நின்ன?"

"கிளாப் அடிச்சேன் சார்."

"கிளாப் அடிக்க நாலு பேர் இருக்காங்க. உன்ன எதுக்கு எடுத்தோம்னு உனக்குத் தெரியாதா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியும் சார்" என்றேன்.

தெரியும்தான். கவர் பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்தவள்தானே நான்.

ஜூன் 18

துணி துவைத்தேன்.

ஜூன் 19

மழை. துணி காயவில்லை.

ஜூன் 26, ஞாயிறு

போகாமல் இருந்துவிடலாம் என்று ஒரு வாரமாக அறையிலேயே கிடந்தேன். இன்று பாபு சார் போன் பண்ணினார். படம் பதினைந்து நிமிடம் நீளமாம், தயாரிப்பாளர் குறைக்கச் சொல்கிறாராம். பெண் பார்க்கும் காட்சியில் அம்மா வசனம் கொஞ்சம் இழுவை என்று பேச்சு அடிபடுகிறதாம். "உன் சீனாச்சே, அதான் காதுல போட்டு வைக்கறேன்" என்றார்.

நாளைக்குப் போகிறேன்.

ஜூலை 5, செவ்வாய்

கலர் சரிசெய்கிற ஸ்டூடியோ. இருட்டான அறை, பெரிய திரை. வினீத் என்கிற பையன் குமிழ்களைத் திருப்பிக்கொண்டே இருக்கிறான். ஈஷானியை மார்ச் மாத நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவளை மட்டும் தனியாகப் பிரித்து எடுப்பதற்கு நேரமில்லையாம். அந்த நிறத்துத் தோல் திரையில் எங்கே இருந்தாலும் மொத்தமாக ஒரு படி வெளுப்பாகத் தூக்கிவிட்டால் ஒரே நாளில் வேலை முடியுமாம்.

தூக்கினான். ஈஷானி சரியாக வந்துவிட்டாள். அவளைச் சுற்றி நின்ற உப்பளக்காரர்கள் எல்லாரும் சாம்பல் பூசினாற்போல ஆனார்கள். உயிருள்ள முகம் ஒன்றுகூட இல்லை. நிறவெறிப் படத்தில் நிஜமாகக் கறுப்பாக இருந்தவர்கள்தான் இடைஞ்சலாகிவிட்டார்கள்.

சார் கன்னத்தில் கை வைத்து யோசித்தார். "கூட்டத்த இருட்டுல தள்ளிடலாம். நிழல் மாதிரி. உழைக்கறவங்களுக்கு முகமே இல்லாம ஆக்கிட்டாங்க இந்தச் சமூகத்துலன்னு அர்த்தம் வரும்" என்றார். சொல்லும்போதே அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. இப்போது அது முதலிலிருந்தே அவர் நினைத்த விஷயம்.

எந்தெந்த ஷாட் என்று பட்டியல் வேண்டும். "கனிக்குத்தான் ஒவ்வொரு ஷாட்டும் மனப்பாடம்" என்றார் பாபு சார்.

நான் சொன்னேன்: "செய்யறேன் சார். பெண் பார்க்கற சீன்ல மட்டும் கை வைக்காதீங்க. அம்மா வசனம் முழுசா இருக்கட்டும்."

சார் என்னைப் பார்த்தார். எடிட்டிங் அறையில் நடந்ததற்கு அதுவரை அவர் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. "ஒரு எழுத்து போகாது. ப்ராமிஸ்" என்றார். அதுதான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

நாற்பத்தாறு ஷாட். முப்பத்தொன்றாவதில் பூரணம் அக்கா கேமராவுக்கு நேராக நிற்கிறாள். பத்து விநாடி. என்னமோ சொல்ல வாயெடுக்கிற மாதிரி ஒரு முகம். அதற்கும் டிக் அடித்தேன். நான் அடிக்காவிட்டாலும் யாராவது அடித்திருப்பார்கள்.

ஜூலை 6

யாராவது அடித்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 20

படத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. அதில் கறுப்பு என்கிற வார்த்தை வரக் கூடாது என்று விநியோகஸ்தர் சொல்லிவிட்டாராம். கறுப்பு ஓடாதாம்.

செப்டம்பர் 9, வெள்ளி

ரிலீஸ். முதல் காட்சி, வடபழனி. பெண் பார்க்கும் காட்சியில் தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. ஒரு எழுத்து போகவில்லை. சார் வாக்குத் தவறவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

கடைசியில் பெயர்கள் ஓடின. இயக்குநர் குழுவில் நான்கு பெயர். நான் இல்லை. எழுந்து போகிறவர்களின் தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒப்பனை: தணிகாசலம். ஒப்பனை உதவி: கனி. சண்முகக்கனி என்று முழுப் பெயரைக்கூடப் போடவில்லை.

வெளியே அண்ணன் நின்றிருந்தார். "நான்தாம்மா போடச் சொன்னேன். எங்கியுமே உன் பேரு இல்லன்னாங்க. மனசு கேக்கல" என்றார். நல்ல மனிதர். அவரிடம் என்ன கோபிப்பது.

செப்டம்பர் 10, சனி

கோவில்பட்டி பஸ்ஸில் விமர்சனங்களைப் படித்தேன். ஒருவர் சமூகத்தின் மனசாட்சியை உலுக்கிய படம் என்கிறார். இன்னொருவர் போட்டுத் தாக்கியிருக்கிறார். இந்த மாதிரிப் படங்கள் யாரையும் மாற்றுவதில்லை, பார்க்கிறவர்கள் எல்லாரும் தங்களைக் கதாநாயகி பக்கம் சேர்த்துக்கொண்டு அழுதுவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் வேறு யாரோ என்று நினைத்தபடி வீட்டுக்குப் போகிறார்கள், நிறம் பற்றிய படத்தை நிறம் பூசி எடுத்தவர்களுக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

எனக்குக் கோபமாக வந்தது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும், அவரைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் சொல்வது தப்பாக இருந்தால் தேவலை என்றிருந்தது. நாளைக்கு மதியக் காட்சி. அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 11, ஞாயிறு

அம்மா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மகள் வேலை பார்த்த படமாம். டிக்கெட் கிழிக்கிறவரிடம்கூடச் சொன்னாள்.

நான் திரையைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பளம் வந்தது, பாட்டு வந்தது. நிழல்களாக ஆட்கள் போனார்கள். அம்மா முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் காரிலிருந்து இறங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காபித் தட்டு வந்தது. "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்று அந்தப் பெண்மணி சொன்னதும் அம்மா ஒரு தடவை என் பக்கம் திரும்பினாள். நான் முன்னால் பார்த்துக்கொண்டேன்.

திரையில் அந்த அம்மா எழுந்து நின்று சொன்னார். தியேட்டர் கைதட்டியது. என் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஒரு கோடி பேரில் ஒரு அம்மா. கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிடம் எல்லாவற்றுக்கும் தகும் என்று நினைத்தேன். ஐந்தரை மணி, முக்காலி, மேஜைக்கு அடியில் கை, நாற்பத்தாறு டிக், எல்லாவற்றுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலையை மாற்றிக்கொண்டு தோசைக் கல்லைப் போட்டாள். நான் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முதல் தோசையை என் தட்டில் போடும்போது கேட்டாள்.

"அந்தம்மா பேசுனது நீ எழுதுனதா?"

"ஆமாம்மா."

"எனக்குன்னு எழுதுனதாக்கும்."

ஆமாம் என்று தலையாட்டினேன். மூன்று வருஷமாக இருந்த ஒன்று இப்போது பேசித் தீர்ந்துவிடும் என்று இருந்தது.

"நல்லாத்தான் எழுதிருக்க. எனக்கு அழுகையே வந்துட்டு." அடுத்த தோசையை ஊற்றி நிதானமாகத் தேய்த்தாள். "அவ பேசலாம்ட்டி. அவ மகளப் பாரு. கறுப்புதான், இல்லேங்கல. ஆனா என்ன ஒரு களை. அது நல்ல கறுப்பு, மினுமினுன்னு. அப்படி ஒருத்தி எனக்கு மகளா இருந்தா நானுந்தான் சொல்லிருப்பேன், எந்திரிச்சுப் போங்கன்னு."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. சட்னி போதுமா என்று என் தட்டை எட்டிப் பார்த்தாள்.

"அது என் கலரும்மா" என்றேன்.

"என்னது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் பால்கோவா நிறம் என்பதை, ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னதை, தினமும் என் கையைப் பார்த்துக் கலக்கியதை, நான் வெயிலில் கறுக்கக் கறுக்க அவளும் கறுத்ததை. என் வேலை அதுதான், அதற்குத்தான் எடுத்தார்கள் என்பதையும் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ களை களை என்று சொன்னாயே, அது இந்தக் கையிலிருந்து எடுத்ததுதான் என்றேன்.

கல்லில் தோசை தீய்ந்தது. அம்மா அடுப்பை அணைத்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் இடது கையை மடியில் எடுத்து வைத்து, டியூப் லைட் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தாள். இந்தக் கையை அம்மா இவ்வளவு நேரம் பார்த்து எனக்கு நினைவில்லை. மெல்லத் தடவினாள். நான் காத்திருந்தேன்.

பிறகு எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இத யார்ட்டயும் சொல்லிறாத" என்றாள், வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்தி. "ஆரு கேட்டாலும் டைரக்டர் வேலைன்னே சொல்லு. என்ன?"

சரிம்மா என்றேன்.